போனுக்கும் காது உண்டு: அனுமதி கொடுக்கும் முன் யோசிப்போம்!



நம் குழுவில் ஓர் உறுப்பினர் உள்கடன் கேட்டால், கேட்டவுடனே எடுத்துக் கொடுத்துவிடுகிறோமா? இல்லை. "எதுக்கு வேணும்? எவ்வளவு வேணும்? எத்தனை மாசத்துல கட்டுவீங்க?" என்று கேட்கிறோம். எல்லோர் முன்னாலும் பேசி, தீர்மான நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் பணம் கைமாறுகிறது. கூடப் பிறந்த தங்கச்சியே கேட்டாலும் இதுதான் முறை. இந்த முறைதான் நம் குழுக்களைக் காப்பாற்றி வருகிறது.

ஆனால் நம் கையில் இருக்கும் போன் ஒன்று கேட்டால் மட்டும் என்ன செய்கிறோம்? "மைக்ரோஃபோனைப் பயன்படுத்த அனுமதிக்கவா?" என்று திரையில் ஒரு கேள்வி வருகிறது. படித்துப் பார்ப்பதில்லை. வேலை நடந்தால் போதும் என்று "அனுமதி" என்பதை அமுக்கிவிடுகிறோம். ஒரு ரூபாய்க்குக் கணக்கு எழுதும் நாம், நம் பேச்சுக்கும், படத்துக்கும், சொந்தபந்தங்களின் நம்பருக்கும் கணக்குக் கேட்க வேண்டாமா? இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

அனுமதி என்றால் என்ன?

போனில் நாம் ஏற்றும் ஒவ்வொரு ஆப்பும் நம் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி. விருந்தாளியைத் திண்ணையில் உட்கார வைக்கிறோம், தண்ணீர் கொடுக்கிறோம். அதற்காகப் பீரோ சாவியைக் கொடுப்போமா? போனுக்குள்ளும் இப்படிப் பல அறைகள் இருக்கின்றன. நாம் பேசுவதைக் கேட்கும் மைக் ஓர் அறை. படம் எடுக்கும் கேமரா ஓர் அறை. நாம் எங்கே இருக்கிறோம் என்று காட்டும் இருப்பிடம், சேமித்து வைத்த நம்பர்கள், குறுஞ்செய்திகள், படங்கள் என்று ஒவ்வொன்றும் தனித்தனி அறை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சாவி. அந்தச் சாவிக்குப் பெயர்தான் "அனுமதி".

முன்பெல்லாம் ஆப்பை ஏற்றும்போதே எல்லாச் சாவியையும் மொத்தமாகக் கொடுத்தாக வேண்டும். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல் இது மாறியது. இப்போது மைக் தேவைப்படும் நேரத்தில் மைக்குக்குத் தனியாக, கேமராவுக்குத் தனியாகக் கேட்கிறது. கொடுக்கலாம், மறுக்கலாம், கொடுத்ததைப் பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம். சாவி நம் கையில்தான் இருக்கிறது. நாம் பார்க்காமல் கொடுத்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

கடனுக்குக் கேட்கும் மூன்று கேள்விகள்

குழுவில் கேட்கும் கேள்விகளையே கொஞ்சம் மாற்றி இங்கேயும் கேட்டால் போதும். பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம்.

1. யார் கேட்கிறார்கள்? எந்த ஆப்? அது பிளே ஸ்டோரிலிருந்து வந்ததா, யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய லிங்கா?

2. எதற்குக் கேட்கிறார்கள்? அந்த ஆப் செய்யும் வேலைக்கும், அது கேட்கும் சாவிக்கும் சம்பந்தம் இருக்கிறதா?

3. எத்தனை நேரத்துக்கு? எப்போதுமா, பயன்படுத்தும்போது மட்டுமா, இந்த ஒரு தடவை மட்டுமா?

சில உதாரணங்களைப் பார்ப்போம்.

வாட்ஸ்அப் மைக் கேட்கிறது. அதில்தான் குரல் பதிவு அனுப்புகிறோம், வெளியூரில் இருக்கும் பிள்ளையிடம் பேசுகிறோம். வேலைக்கும் சாவிக்கும் சம்பந்தம் இருக்கிறது. கொடுக்கலாம்.

யூடியூபில் எழுதித் தேடத் தெரியவில்லை, வாயால் சொல்லித் தேடுகிறோம். அதற்கும் மைக் வேண்டும். எழுதப் படிக்கச் சிரமப்படும் நம் மூத்த உறுப்பினர்களுக்கு இது பெரிய வசதி. "ஆட்டுக்குக் குடற்புழு நீக்கம் எப்படி?" என்று வாயால் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். ஆகவே மைக் என்றாலே பயப்பட வேண்டாம். மைக் நமக்கு எதிரி இல்லை.

பணம் அனுப்பும் ஆப்பில் கடைக்காரரின் கியூஆர் அட்டையைப் பார்க்கக் கேமரா வேண்டும். ஆனால் பணம் அனுப்புவதற்கு நம் குரல் எதற்கு? வேண்டியதில்லை.

டார்ச் லைட் ஆப் மைக் கேட்கிறது. காலண்டர் ஆப் மைக் கேட்கிறது. பிள்ளைகள் விளையாடும் கார் கேம் மைக் கேட்கிறது, நம்பர்களையும் கேட்கிறது. விளக்குப் போடுவதற்கு நம் பேச்சு எதற்கு? "வேண்டாம்" என்று சொல்லுங்கள். மறுத்தாலும் அந்த ஆப் நன்றாகவே ஓடினால், கேட்டது அதன் வேலைக்கு இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். மறுத்தால் ஓடவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் அந்த ஆப்பையே எடுத்துவிடுங்கள். அதே வேலையைச் செய்ய வேறு ஆப் கிடைக்கும். டார்ச் லைட் போனிலேயே இருக்கிறது!

மூன்றாவது கேள்விக்குப் பதில் திரையிலேயே இருக்கும். 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல், மைக் கேட்கும்போது மூன்று வழிகள் காட்டும். ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும், இந்த ஒரு முறை மட்டும், அனுமதிக்க வேண்டாம் என்பவை அவை. சொற்கள் போனுக்குப் போன் கொஞ்சம் மாறும். தினமும் தேவைப்படும் ஆப்புக்கு முதலாவது. எப்போதாவது ஒரு நாள் தேவைப்படுவதற்கு இரண்டாவது. சந்தேகம் வந்தால் மூன்றாவது.

"நாம பேசுறதெல்லாம் போன் கேட்குதாமே?"

குழுக் கூட்டங்களில் அதிகம் வரும் கேள்வி இது. "ஏம்மா, நேத்து வீட்ல மிக்ஸி வாங்கணும்னு பேசினோம். இன்னிக்கு போன்ல மிக்ஸி விளம்பரமா வருது. போன் ஒட்டுக் கேக்குதா?" என்று கேட்கிறார்கள்.

2018-இல் அமெரிக்காவில் உள்ள நார்த் ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17 ஆயிரத்துக்கும் அதிகமான ஆண்ட்ராய்டு ஆப்களைச் சோதித்தார்கள். மைக்கைத் தானாகத் திறந்து பேச்சை வெளியே அனுப்பியதற்கு அந்தச் சோதனையில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் வேறொன்று கிடைத்தது. சில ஆப்கள், நாம் திரையில் என்ன செய்கிறோம் என்பதையே படம் பிடித்து வெளியாருக்கு அனுப்பின.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? நம்மைத் தெரிந்துகொள்ளப் பேச்சை ஒட்டுக் கேட்க வேண்டும் என்றே அவசியம் இல்லை. நாம் எதைத் தேடுகிறோம், எதைப் பார்க்கிறோம், எங்கே போகிறோம், யார் நம்பர் வைத்திருக்கிறோம் என்பதே போதும். விளம்பரம் அதை வைத்தும் வரும். ஆகவே மைக் சாவியை மட்டும் பார்த்தால் போதாது, மற்றச் சாவிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாசலைப் பூட்டிக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த கதையாகிவிடக் கூடாது.

இன்னொன்று. "ஓகே கூகுள்" என்று கூப்பிட்டால் பதில் சொல்லும் வசதி சில போன்களில் இருக்கிறது. அந்த வார்த்தைக்காக மைக் காத்துக்கொண்டே இருக்கும். தேவை இல்லாதவர்கள் கூகுள் ஆப்பின் அமைப்புகளில் போய் அதை நிறுத்திவிடலாம்.

கடன் ஆப்: இங்கேதான் பெரிய ஆபத்து

சகோதரிகளே, இந்தப் பகுதியைக் கூட்டத்தில் சத்தமாகப் படியுங்கள்.

இப்படி வைத்துக்கொள்வோம். ஓர் உறுப்பினருக்கு மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அவசரமாக 5,000 ரூபாய் தேவை. குழுவில் கேட்கக் கூச்சம். "5 நிமிடத்தில் கடன், ஜாமீன் வேண்டாம்" என்று வந்த லிங்கை அமுக்கி ஓர் ஆப்பை ஏற்றுகிறார். அது மைக் கேட்கிறது, கேமரா கேட்கிறது, நம்பர்களைக் கேட்கிறது, படங்களைக் கேட்கிறது. எல்லாவற்றுக்கும் "அனுமதி". பணம் வருகிறது, அதுவும் பிடித்தம் போகக் குறைவாக. ஒரு வாரத்தில் திருப்பிக் கட்டச் சொல்லி மிரட்டல் ஆரம்பிக்கிறது. அவர் போனில் இருந்த சம்பந்தி வீட்டுக்கும், டீச்சருக்கும், நம் குழு உறுப்பினர்களுக்கும் போன் போகிறது. அவர் படத்தை அசிங்கமாக மாற்றி அனுப்புகிறார்கள்.

ஜாமீன் வேண்டாம் என்றார்களே, உண்மையில் ஜாமீன் வாங்கிவிட்டார்கள். அவருடைய மானத்தையே ஜாமீனாக வாங்கிவிட்டார்கள். அவருடையதை மட்டுமா? அவர் போனில் நம்பர் இருந்த எல்லோரையும் கேட்காமலே ஜாமீன்தாரர் ஆக்கிவிட்டார்கள். ஒருவர் போனில் அமுக்கும் "அனுமதி" குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் சேர்த்துப் போடும் கையெழுத்து. இதை மறக்கவே கூடாது.

இதில் சட்டம் என்ன சொல்கிறது? ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் டிஜிட்டல் கடனுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. 2025 மே மாதத்தில் அதை மீண்டும் உத்தரவாகத் தொகுத்து வெளியிட்டது. அதன்படி:

* கடன் ஆப் நம் போனில் உள்ள நம்பர்கள், அழைப்பு விவரங்கள், படங்கள், கோப்புகள் எதையும் தொடக் கூடாது.
* கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றை நம்மை அடையாளம் சரிபார்ப்பதற்காக ஒரே ஒரு முறை மட்டும், அதுவும் நம் சம்மதத்துடன் பயன்படுத்தலாம்.
* கடன் தொகை நேராக நம் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும்.
* மொத்த வட்டி, பிடித்தம் எல்லாவற்றையும் கடன் கொடுக்கும் முன்பே விவரத் தாளில் காட்ட வேண்டும்.

கூகுள் நிறுவனமும் 2023 மே 31 முதல், தன் பிளே ஸ்டோரில் உள்ள தனிநபர் கடன் ஆப்கள் நம்பர்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது என்று தடை போட்டது. ஆகவே ஒரு கடன் ஆப் நம்பர்களைக் கேட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். விதியை மீறித்தான் கேட்கிறது. அது எந்த வங்கியின் பெயரைச் சொன்னாலும் சரி.

பிளே ஸ்டோர் வழியாக வராமல், வாட்ஸ்அப்பில் "ஏபிகே" என்று முடியும் கோப்பாக வருபவை இன்னும் மோசம். கல்யாணப் பத்திரிகை, பி.எம். கிசான் பணம், வங்கிக் கணக்கு முடக்கம் என்று ஏதாவது பெயரில் வரும். திறந்தால் ஆப்பாக ஏறி, குறுஞ்செய்தியில் வரும் ஓ.டி.பி. வரை படித்துவிடும். பத்திரிகை வைக்க வேண்டியவர்கள் வீட்டுக்கு வந்து வெற்றிலை பாக்கோடு வைப்பார்கள். ஏபிகே கோப்பைத் திறக்கவே வேண்டாம்.

செய்முறை: 10 நிமிட வேலை

வீட்டு வேலை முடிந்து உட்காரும்போது செய்யுங்கள். தெரியாதவர்கள் குழுவில் படித்த பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் போன் உங்கள் கையிலேயே இருக்கட்டும். விரல் உங்களுடையதாக இருந்தால்தான் மறுமுறை தனியாகச் செய்ய வரும்.

படி 1: போனில் "அமைப்புகள்" என்ற பல் சக்கரப் படத்தை அமுக்குங்கள்.

படி 2: அதில் "தனியுரிமை" அல்லது "பாதுகாப்பும் தனியுரிமையும்" என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே அனுமதிகள் பற்றிய பகுதி இருக்கும். அதற்குள் "மைக்ரோஃபோன்" என்பதை அமுக்குங்கள்.

படி 3: மைக் சாவி வைத்திருக்கும் ஆப்கள் எல்லாம் வரிசையாக வரும். நம் பதிவேட்டில் கடன் பாக்கிதாரர் பட்டியல் மாதிரி! ஒவ்வொன்றாகப் பார்த்து, "இதுக்கு எதுக்கு மைக்?" என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் அதைத் தொட்டு "அனுமதிக்க வேண்டாம்" என்று மாற்றுங்கள். பின்னால் தேவைப்பட்டால் அதுவே திரும்பக் கேட்கும், அல்லது நாமே இங்கே வந்து கொடுக்கலாம். ஒன்றும் கெட்டுப்போகாது.

படி 4: இதே மாதிரி கேமரா, நம்பர்கள், குறுஞ்செய்தி, இருப்பிடம் ஆகியவற்றையும் பாருங்கள்.

படி 5: ஆறு மாதமாகத் திறக்காத ஆப் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

குறுக்கு வழியும் உண்டு. ஏதாவது ஓர் ஆப்பின் படத்தை விரலால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால், வட்டத்துக்குள் "ஐ" என்ற ஆங்கில எழுத்தோ, "ஆப்ஸ் தகவல்" என்பதோ வரும். அதற்குள் போனால் அந்த ஆப்பின் அனுமதிகளை மட்டும் பார்க்கலாம்.

2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12-க்குப் பிறகான போன்களில் இன்னும் இரண்டு வசதிகள் உண்டு. ஒன்று, ஏதாவது ஆப் மைக்கையோ கேமராவையோ பயன்படுத்தினால் திரையின் மேல் மூலையில் பச்சை நிறத்தில் ஓர் அடையாளம் தெரியும். நீங்கள் பேசாத நேரத்தில், பதிவு செய்யாத நேரத்தில் அந்தப் பச்சைப் புள்ளி எரிந்தால், மேலிருந்து திரையைக் கீழே இழுத்து அதைத் தொடுங்கள். எந்த ஆப் என்று காட்டும். இரண்டு, அதே இடத்தில் எல்லா ஆப்களுக்கும் சேர்த்து மைக்கை மூடும் பொத்தானை வைத்துக்கொள்ளலாம். மூடினால் போனில் பேசும்போது நம் குரல் எதிராளிக்குக் கேட்காமல் போகலாம். பேச வேண்டுமானால் திரும்பத் திறந்துவிட வேண்டும். போன் ரிப்பேர் என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள்!

ஒரே ஒரு எச்சரிக்கை. சாவியைத் திரும்ப வாங்கினால் இனிமேல் போவதுதான் நிற்கும். ஏற்கெனவே போன நம்பரும் படமும் திரும்பி வராது. அதனால்தான் கொடுக்கும் முன்பே யோசிக்கச் சொல்கிறோம்.

கூட்டத்தில் நம் கட்டுப்பாடு

குழுவில் பேசியது குழுவோடு என்பது நாம் ஆரம்பத்தில் இருந்தே வைத்திருக்கும் விதி. ஒருவர் வீட்டுக்காரர் குடித்துவிட்டுச் செய்யும் ரகளை, ஒருவர் அடகு வைத்த தாலிக்கொடி, ஒருவர் மகளுக்குத் தள்ளிப்போகும் வரன் என்று எத்தனையோ விஷயங்கள் அந்த வட்டத்தில் இறக்கி வைக்கப்படுகின்றன. வெளியே போகாது என்ற நம்பிக்கையில்தான் பேசுகிறார்கள்.

இன்று அந்த வட்டத்தில் 15 பேர் உட்கார்ந்தால் 10 போன் உட்கார்ந்திருக்கிறது. ஆப் ஒட்டுக் கேட்பதை விட, நம்மில் ஒருவரே ஆடியோவாகப் பதிவு செய்து யாருக்காவது அனுப்புவதுதான் அதிகம் நடக்கக்கூடியது. ஆகவே எல்லோரும் சம்மதிக்காமல் கூட்டத்தைப் பதிவு செய்யக் கூடாது. கடன் தவணை தவறியவரின் பேச்சையோ படத்தையோ வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் படங்களையும் அந்தக் குழுவில் போட வேண்டாம். கேட்பவருக்கு மட்டும் தனியாகக் கொடுங்கள்.

வீட்டுக்குள்ளே என்றால்?

சில சகோதரிகளுக்கு ஆபத்து வெளியிலிருந்து வருவதில்லை. வீட்டில் உள்ளவரே போனில் அழைப்பைப் பதிவு செய்யும் ஆப்பையோ, கண்காணிக்கும் ஆப்பையோ போட்டு வைத்திருக்கலாம். நீங்கள் போடாத ஆப் ஒன்று மைக் சாவியோடு பட்டியலில் இருந்தால் கவனியுங்கள். வீட்டில் அடி உதை, மிரட்டல் உள்ளவர்கள் அவசரப்பட்டு அதை உடனே எடுக்க வேண்டாம். எடுத்தது தெரிந்தால் கோபம் அதிகமாகலாம். வேறொருவர் போனிலிருந்து 181 பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசி ஆலோசனை கேளுங்கள். மனைவி என்பதால் ஒருவருக்கு அந்தரங்கம் இல்லாமல் போய்விடாது. அந்தரங்கம் ஒவ்வொரு குடிமக்களின் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் அந்த உரிமை உண்டு.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

* பயந்து போனை உடைக்கவோ, எல்லாவற்றையும் அழிக்கவோ வேண்டாம். மிரட்டல் செய்தி, நம்பர், பணம் போன விவரம் ஆகியவற்றைத் திரைப்படமாக எடுத்து வையுங்கள். அதுதான் சாட்சி.
* பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் பேசுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். வங்கிக்கும் சொல்லுங்கள்.
* வங்கி, நிதி நிறுவனம் பற்றிய புகாருக்கு வழி கேட்க ரிசர்வ் வங்கியின் 14448 என்ற எண் உள்ளது.
* கடன் வசூலில் மிரட்டுவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2025-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. கடன் வாங்கியது குற்றம் இல்லை. மிரட்டுவதுதான் குற்றம்.
* எல்லாவற்றுக்கும் முதலில் குழுவில் சொல்லுங்கள். மிரட்டுபவனின் பலமே "வெளியே தெரிந்தால் அசிங்கம்" என்ற நம் பயம்தான். குழுவில் சொல்லிவிட்டால் அவனிடம் மிரட்ட ஒன்றும் மிச்சம் இருக்காது.

உறுப்பினர் ஒருவர் இப்படி வந்து சொன்னால், "உன்னை யாரு அமுக்கச் சொன்னா?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். "வா, உட்காரு, பார்த்துக்கலாம்" என்று சொல்லுங்கள். அவசரத்துக்குக் குழுவில் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் அவர் அந்த ஆப்புக்குப் போனார் என்றால், அந்தக் கூச்சம் எதனால் வந்தது என்பதையும் குழு யோசிக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் கலந்து பேச

1. நம் போனில் எத்தனை ஆப்களுக்கு மைக் அனுமதி இருக்கிறது? எத்தனைக்கு அது உண்மையில் தேவை?
2. பிள்ளைகள் விளையாட நம் போனில் ஏற்றிய கேம்கள் என்னென்ன அனுமதி வைத்திருக்கின்றன?
3. அவசரத் தேவைக்கு உறுப்பினர் கூச்சமில்லாமல் கேட்க, நம் குழுவில் தனியாக அவசரக் கடன் ஏற்பாடு இருக்கிறதா? இல்லை என்றால் எப்போது ஆரம்பிக்கலாம்?

தீர்மான நோட்டில் எழுத

"குழுக் கூட்டத்தை உறுப்பினர்கள் அனைவரின் சம்மதம் இல்லாமல் போனில் பதிவு செய்யக் கூடாது. நம்பர்களைக் கேட்கும் எந்தக் கடன் ஆப்பையும் உறுப்பினர்கள் ஏற்றக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட்டத்திலேயே அனைவரும் தங்கள் போனில் உள்ள அனுமதிகளைச் சரிபார்க்க வேண்டும்."

இந்தத் தீர்மானத்தைப் படித்துக் காட்டி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். கையெழுத்தின் மதிப்பு நமக்குத் தெரியும். இனி போனில் அமுக்கும் ஒவ்வொரு "அனுமதி"யும் ஒரு கையெழுத்து என்று நினைத்து அமுக்குவோம்.